குட்டீஸ் கண்ணு: எப்போ செக் பண்ணணும்?

பொறந்த குழந்தைக்கு 20-30 செ.மீ. தூரம்தான், அதாவது பால் குடிக்கும்போது அம்மா முகம் இருக்கற தூரம்தான், கொஞ்சம் தெரியும், மீதியெல்லாம் நம்ம கோத்தகிரி பனில எதிர்ல வர்ற பஸ் மாதிரி மசமசன்னு இருக்கும். முதல் 3 மாசம் கண்ணு அப்பப்போ ஒதுங்கினா பயப்படாதீங்க, ஆனா 4 மாசத்துக்கு அப்புறமும் மாறுகண்ணா தெரிஞ்சா காட்டிடுங்க, அதிர்ஷ்டக்கண்ணுன்னு பாட்டிங்க சொல்றத நம்பி உக்காராதீங்க.

34 வாரத்துக்கு முன்னாடி பொறந்தாலோ எடை 2 கிலோவுக்கு கம்மியா இருந்தாலோ 30 நாளுக்குள்ள ரெட்டினா, அதாவது கண்ணுக்குள்ள பின்னாடி இருக்கற பார்வைத் திரைய, செக் பண்ணியே ஆகணும், கோயம்புத்தூர் இறங்கணும்னாலும் இறங்குங்க. ஃப்ளாஷ் போட்டோல கருவிழி வெள்ளையா மின்னினா அன்னைக்கே டாக்டர்.

மத்தவங்க 6 மாசம், 3 வயசு, ஸ்கூல் சேர்க்கறதுக்கு முன்னாடின்னு காட்டினா போதும்.

வீட்லயே ஒண்ணு பாக்கலாம், ஒரு கண்ண கையால மூடுங்க. என் பொண்ணு இடது கண்ண மூடினா சிரிப்பா, வலது கண்ண மூடினா கைய தட்டிவிட்டு அழுவா, அடம்னு நெனச்சேன், பாத்தா இடது கண்ணு சோம்பேறிக்கண்ணு, அதாவது அந்தக் கண்ணுல மட்டும் பார்வை சரியா வளரல. நல்ல கண்ணுக்கு பேட்ச் ஒட்டி சரி பண்ணாங்க, 7 வயசுக்குள்ள ஆரம்பிச்சா பலன் நல்லா இருக்குமாம்.

அப்புறம் மழை விட்டா டீ தோட்டத்து பக்கம் விளையாட விடுங்க, தினம் 2 மணி நேரம் வெளி வெளிச்சம் பட்டா கிட்டப்பார்வை வர்ற சான்ஸ் குறையும்.