ஆலையில் சங்கம் பதிவு செய்வது எப்படி, அங்கீகாரம் எங்கே மாட்டிக்கொள்கிறது

கப்பலூர் சிட்கோவில் பட்டறை, திருமங்கலம் பக்கம் நூல் மில், மேலூர் ரோட்டில் பெரிய கம்பெனி என்று எங்கே வேலை பார்த்தாலும் சங்கம் தொடங்க நிர்வாகத்தின் அனுமதி வேண்டியதில்லை. அரசியலமைப்பின் 19(1)(சி) பிரிவு தந்த உரிமை அது. ஆனால் சங்கம் தொடங்குவது ஒரு வேலை, அதைப் பதிவு செய்வது இன்னொரு வேலை, நிர்வாகத்தை அதோடு உட்கார்ந்து பேச வைப்பது, அதாவது அங்கீகாரம் வாங்குவது, மூன்றாவது வேலை. முதல் இரண்டும் நம் கையில் இருக்கின்றன. மூன்றாவதைப் பற்றித்தான் சட்டம் வெகுகாலம் வாய் திறக்காமல் இருந்தது, அரசியல் சண்டையும் அங்கேதான் நடக்கிறது.

எந்தச் சட்டம் என்ற கேள்வியை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டத்தில்தான் இத்தனை காலமும் பதிவு நடந்தது. அந்தச் சட்டம் வந்ததற்கே காரணம் சென்னை. 1918 ஏப்ரலில் அங்கே மெட்ராஸ் லேபர் யூனியன் உருவானது. பக்கிங்ஹாம் கர்நாடிக் மில் தகராறில் அந்தச் சங்கத்தின் தலைவர் பி.பி.வாடியா மீது கம்பெனி நஷ்டஈடு வழக்குப் போட்டது. சங்கம் நடத்தினாலே கோர்ட்டுக்கு இழுக்கலாம் என்ற நிலையை மாற்றத்தான் தொழிற்சங்கத் தலைவர் என்.எம்.ஜோஷி மத்திய சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார். இப்போது 2020ஆம் ஆண்டின் தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்திருக்கிறது. பழைய விதிகளும் படிவங்களும் புதுச் சட்டத்தோடு முரண்படாத அளவுக்கு, புது விதிகள் வரும்வரை தொடரும். அதனால் இணையத்தில் கிடைத்த படிவத்தை நிரப்பிக்கொண்டு போகாதீர்கள். மதுரை தொழிலாளர் துறை அலுவலகத்தில் "இன்றைக்கு எந்தப் படிவம் வாங்குகிறீர்கள்" என்று கேட்டு, அதையே வாங்கி நிரப்புங்கள்.

ஆள் கணக்கு

மனுவில் குறைந்தது 7 உறுப்பினர் கையெழுத்திட வேண்டும். அது மட்டும் போதாது. அந்த நிறுவனத்தின் தொழிலாளர்களில் 10 சதவீதம் அல்லது 100 பேர், இரண்டில் எது குறைவோ அத்தனை பேர் உறுப்பினராக இருக்க வேண்டும். எந்த நிலையிலும் 7 பேருக்குக் குறையக் கூடாது. 640 பேர் வேலை பார்க்கும் மில்லுக்கு 64 பேர். 1,400 பேர் இருந்தால் 140 அல்ல, 100 போதும். 45 பேர் உள்ள பட்டறையில் பத்து சதவீதம் என்பது ஐந்துகூட வராது, அங்கே 7. பதிவுக்குப் பிறகும் இந்த எண்ணிக்கை குறையாமல் இருக்க வேண்டும், குறைந்தால் பதிவை ரத்து செய்ய வழி உண்டு.

ஏழு பேர் கையெழுத்தோடு மனுவைக் கொடுப்பதுதான் பலரும் செய்யும் பிழை. மனு கொடுத்த பிறகு, பதிவாகும் முன், கையெழுத்திட்டவர்களில் பாதிப் பேர் வரை விலகினாலும் மனு செல்லும் என்கிறது சட்டம். பாதிக்கு மேல் விலகினால் செல்லாது. ஏழு பேரில் நான்கு பேரை நிர்வாகம் கூப்பிட்டு மிரட்டி "நான் உறுப்பினர் இல்லை" என்று எழுதி வாங்கிவிட்டால் கதை முடிந்தது. அதனால் 20, 25 பேரைக் கையெழுத்திட வையுங்கள். அவர்கள் ஒரே செக்‌ஷனில் இருக்கக் கூடாது. ப்ளோரூம், கார்டிங், ஸ்பின்னிங், வைண்டிங், மெயின்டனன்ஸ் என்று பரவலாக, மூன்று ஷிப்டிலிருந்தும் எடுங்கள். ஒரு சூப்பர்வைசர் ஒரே நாளில் எல்லோரையும் பிடிக்க முடியாது.

யாரைக் கணக்கில் எடுக்கலாம் என்பதில் கவனம் தேவை. அப்ரண்டிஸ் சட்டப்படி பயிற்சியில் இருப்பவர்கள் சட்டத்தின் கண்ணில் தொழிலாளி அல்ல. அவர்களை வைத்து 64ஐ எட்டினால் நிர்வாகம் அந்த ஓட்டையைத்தான் முதலில் காட்டும். மதுரை, திண்டுக்கல், விருதுநகர் மில்களில் பயிற்சி என்ற பெயரில் வருஷக்கணக்கில் மெஷின் ஓட்டும் பெண்கள் நிறையப் பேர் உண்டு. அவர்களைக் கைவிடச் சொல்லவில்லை. அவர்களிடம் முறையான அப்ரண்டிஸ் ஒப்பந்தம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் பெயர் என்னவானாலும் அவர்கள் தொழிலாளி என்று வாதாடலாம், சம்பளச் சீட்டும் பி.எஃப் கணக்கும் அதற்குச் சாட்சி. 24 மாதத்தில் 480 நாள் வேலை பார்த்தவரை நிரந்தரமாக்கச் சொல்லும் 1981ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டத்தையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சங்கத்தின் முதல் கோரிக்கையே பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.

உறுப்பினர் படிவம்

ஒரு பக்கத்தில் முடித்துவிடுங்கள். பெயர், தகப்பனார் அல்லது கணவர் பெயர், வயது, டோக்கன் நம்பர், செக்‌ஷன், வேலையில் சேர்ந்த தேதி, முகவரி, செல் நம்பர். அதன் கீழே ஒரே வாக்கியம்: "இச்சங்கத்தின் விதிகளை ஏற்று, என் சொந்த விருப்பத்தில் உறுப்பினராகச் சேர்கிறேன்." கையெழுத்து, தேதி. தேதி இல்லாத படிவத்தை வாங்காதீர்கள், பிறகு "எப்போது சேர்ந்தார்" என்ற கேள்வி வந்தால் பதில் இருக்காது. சந்தாவுக்கு அடிக்கட்டை உள்ள ரசீதுப் புத்தகம் அடித்துக்கொள்ளுங்கள். பத்து ரூபாய் வாங்கினாலும் ரசீது கொடுங்கள். பழைய சட்டத்தில் ஆலைத் தொழிலாளிக்குக் குறைந்தபட்சச் சந்தா ஆண்டுக்கு 12 ரூபாய், அமைப்புசாராத் தொழிலாளிக்கு 3 ரூபாய். அதை மாதம் 20 அல்லது 50 என்று உயர்த்திக்கொள்வது உங்கள் விருப்பம். வழக்கு நடத்தவே அது வேண்டியிருக்கும். நிரப்பிய படிவங்களை ஆலைக்குள் வைக்காதீர்கள். லாக்கரும் வேண்டாம், பைக் சீட்டுக்கு அடியிலும் வேண்டாம்.

விதிகள்

தொழிற்சங்கப் பதிவாளர் மனுவைத் திருப்பி அனுப்பினால் பெரும்பாலும் காரணம் சங்கத்தின் விதிகளில்தான் இருக்கும். சங்கத்தின் பெயர், நோக்கங்கள், நிதியை எதற்கெல்லாம் செலவிடலாம், உறுப்பினர் பட்டியலை யார் பராமரிப்பது, அதை யார் பார்க்கலாம், யார் உறுப்பினராகலாம், சந்தா எவ்வளவு, உதவித் தொகையும் அபராதமும் எப்போது, விதிகளைத் திருத்தும் முறை, நிர்வாகிகளைத் தேர்ந்தெடுப்பதும் நீக்குவதும், நிதியின் பாதுகாப்பு, ஆண்டுத் தணிக்கை, சங்கத்தைக் கலைக்கும் முறை: இத்தனையும் விதியில் இருந்தே ஆக வேண்டும். நிர்வாகிகள் பதவிக்காலம் மூன்று வருஷத்தைத் தாண்டக் கூடாது. கலைக்கும் முறையையும் கணக்குப் புத்தகத்தை உறுப்பினர் பார்க்கும் உரிமையையும் எழுத மறந்துவிடுவார்கள், அங்கேதான் மனு நிற்கும்.

வெளியாட்களை நிர்வாகியாக வைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வைக்கலாம். ஆலைச் சங்கத்தில் மொத்த நிர்வாகிகளில் மூன்றில் ஒரு பங்கு அல்லது ஐந்து பேர், எது குறைவோ அத்தனை பேர் வெளியிலிருந்து வரலாம். ஒன்பது நிர்வாகிகள் என்றால் மூன்று வெளியாட்கள். எங்கள் கருத்து, ஒருவரையாவது வெளியிலிருந்து வையுங்கள். வேலை போய்விடும் என்ற பயமில்லாமல் நிர்வாகத்தின் எதிரே உட்காரும் ஆள் அவர் ஒருவர்தான். சி.ஐ.டி.யு, ஏ.ஐ.டி.யு.சி, ஐ.என்.டி.யு.சி, எச்.எம்.எஸ், பி.எம்.எஸ், தொ.மு.ச, அண்ணா தொழிற்சங்கம் என்று எந்தத் தொழிற்சங்கக் கூட்டமைப்போடு சேர்வது என்பதைப் பொதுக்கூட்டத்தில் வாக்கெடுத்து முடிவு செய்யுங்கள். இரண்டு மூன்று பேர் தனியாக முடிவு செய்தால் சங்கம் பதிவாகும் முன்பே இரண்டாக உடையும்.

பெயர் விஷயத்தில் சாம்சங் பாடத்தை நினைவில் வையுங்கள். சுங்குவார்சத்திரம் ஆலையில் கம்பெனிப் பெயர் சங்கப் பெயரில் இருந்ததற்கு நிர்வாகம் ஆட்சேபம் சொன்னது. 2024 செப்டம்பர் 9இல் தொடங்கிய வேலைநிறுத்தம் அக்டோபர் நடுவில் முடிந்தது, விஷயம் உயர் நீதிமன்றம் வரை போனது. 2025 ஜனவரி 27இல்தான் பதிவு கிடைத்தது. கம்பெனிப் பெயரை வைப்பது தவறில்லை, கடைசியில் அந்தப் பெயரிலேயே பதிவானது. ஆனால் அவ்வளவு காலம் தாக்குப்பிடிக்கப் பலம் இல்லாத சின்ன ஆலையில் "மதுரை வட்டார நூல் ஆலைத் தொழிலாளர் சங்கம்" போன்ற பெயர் வேலையைச் சுருக்கும். அதே பெயரில், அல்லது குழப்பும் அளவுக்கு ஒத்த பெயரில் வேறு சங்கம் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

மனுவைக் கொடுப்பது

பொதுக்கூட்டம் போட்டு, விதிகளை வாசித்து, நிர்வாகிகளைத் தேர்ந்தெடுத்து, தீர்மான நோட்டில் எழுதி, வந்தவர்கள் எல்லோரிடமும் கையெழுத்து வாங்குங்கள். "பதிவாளரிடம் மனு கொடுக்கத் தலைவருக்கும் பொதுச் செயலாளருக்கும் அதிகாரம் தரப்படுகிறது" என்ற தீர்மானம் தனியாக இருக்கட்டும். மனு, விதிகளின் நகல், நிர்வாகிகளின் பெயர், வயது, தொழில், முகவரி அடங்கிய பட்டியல், கட்டணச் சலான் எல்லாவற்றையும் சேர்த்து நேரில் கொடுத்து, உங்கள் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை இல்லாமல் "வச்சுட்டுப் போங்க" என்றால் அன்றைக்கே ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்ட்டில் இன்னொரு செட் அனுப்புங்கள். சங்கம் ஏற்கெனவே ஒரு வருஷத்துக்கு மேல் நடந்துவருகிறது என்றால் சொத்து, கடன் கணக்கும் இணைக்க வேண்டும்.

பழைய சட்டத்தில் பதிவாளருக்குக் காலக்கெடு இல்லை, அதனால்தான் மனுக்கள் மாதக்கணக்கில் தூங்கின.  குறை சொல்லிக் கடிதம் வந்தால் ஒரே வாரத்தில் எழுத்தில் பதில் கொடுங்கள். முடிவு சொல்லாமல் இழுத்தால் முதலில் நினைவூட்டல் கடிதம், பிறகு உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனு. தேதி முத்திரை உள்ள அந்த ஒரு நகல்தான் ரிட்டுக்கு ஆதாரம். "நிர்வாகம் ஆட்சேபிக்கிறது" என்று யாராவது சொன்னால், சட்டப்படி பதிவாளர் பார்க்க வேண்டியது மனுவும் விதிகளும் எண்ணிக்கையும்தான், நிர்வாகத்தின் சம்மதம் நிபந்தனை இல்லை என்று மரியாதையாக எழுத்தில் கொடுங்கள்.

இந்த இடைக்காலத்தில்தான் மெமோ வரும், யூனிட் மாற்றுவார்கள், கேட்டில் டோக்கன் வேலை செய்யாது. மெமோவை வாங்க மறுக்காதீர்கள், மறுத்தால் அதுவே இன்னொரு குற்றச்சாட்டு. தேதி போட்டு வாங்கி, கெடுவுக்குள் விளக்கம் எழுதுங்கள். சங்கம் சேர்ந்ததற்காகத் தண்டிப்பது நியாயமற்ற தொழில் நடவடிக்கை என்று 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டமும் புதுச் சட்டமும் சொல்கின்றன. வேலையை விட்டு நீக்கினால் சமரச அலுவலரிடம் மனு கொடுத்து, 45 நாள் கழிந்தும் தீரவில்லையென்றால் நேரே நீதிமன்றத்துக்குப் போகலாம். பழைய தகராறு சட்டத்தில் இதற்கு 3 வருஷக் கெடு இருந்தது, புதியதில் 2 வருஷம்தான். பதிவான பிறகு நிர்வாகிகளின் பெயரைப் பாதுகாக்கப்பட்ட தொழிலாளிகளாக அறிவிக்கச் சொல்லி ஆண்டுதோறும் எழுதிக் கொடுங்கள். ஆலையில் உள்ள தொழிலாளர்களில் ஒரு சதவீதம், குறைந்தது 5, அதிகபட்சம் 100 பேர். தகராறு நிலுவையில் இருக்கும்போது இவர்களை முன் அனுமதி இல்லாமல் நீக்க முடியாது.

அங்கீகாரம்

பதிவுச் சான்றிதழ் வந்த மறுநாள் நிர்வாகம் பேச வந்துவிடும் என்று நினைத்து ஏமாந்த சங்கங்கள் ஏராளம். அங்கீகாரத்துக்காக 1947இலேயே ஒரு திருத்தம் நிறைவேறியது, ஆனால் அதை அமலுக்குக் கொண்டுவரவே இல்லை. நிர்வாகங்களின் அமைப்புகளும் சங்கங்களும் ஒப்புக்கொண்ட 1958ஆம் ஆண்டின் ஒழுக்க நெறி, ஆறு மாதமாக 15 சதவீத உறுப்பினர் பலமுள்ள சங்கத்தை அங்கீகரிக்கலாம் என்றது, ஆனால் அதற்குச் சட்ட பலம் கிடையாது. மகாராஷ்டிரம் 1971இலும் கேரளம் 2010இலும் தனிச் சட்டம் போட்டன. தமிழ்நாட்டில் அப்படி ஒன்று வரவில்லை. இந்த இடைவெளியில்தான் "எங்கள் தொழிலாளர் குழுவோடு பேசிக்கொள்கிறோம்" என்று நிர்வாகம் சொல்லித் தப்பிக்கும். நிர்வாகமும் தொழிலாளர்களும் சேர்ந்த தொழிற்குழு என்பது 100 பேரோ அதற்கு மேலோ உள்ள ஆலையில் சட்டப்படி உண்டுதான். ஆனால் அது சங்கம் ஆகாது. கேன்டீன் சாப்பாட்டையும் கழிப்பறையையும் பேசலாம், சம்பள ஒப்பந்தம் அதன் வேலை இல்லை.

புதுச் சட்டம் இதில் ஒரு நல்லது செய்திருக்கிறது. ஒரே சங்கம் இருந்தால், விதிகளின் நிபந்தனைக்கு உட்பட்டு, அதுவே பேச்சுவார்த்தைச் சங்கம், அதாவது நிர்வாகம் பேச வேண்டிய சங்கம். பல சங்கங்கள் இருந்தால் மஸ்டர் ரோலில் (தொழிலாளர் வருகைப் பதிவேட்டில்) உள்ளவர்களில் 51 சதவீதம் ஆதரவு உள்ள சங்கம். யாருக்கும் அது இல்லையென்றால் பேச்சுவார்த்தைக் குழு, 20 சதவீதத்துக்கு ஒரு பிரதிநிதி. நான்கு சங்கம் உள்ள ஆலையில் 18 சதவீதம் வைத்திருக்கும் சங்கத்துக்கு நாற்காலியே கிடையாது. சின்னச் சங்கங்கள் தனித்தனியே நிற்பதை விட்டு இணைவதுதான் இப்போது அறிவு.

அதே சட்டம் இன்னொரு கையால் பறித்துக்கொண்டதும் உண்டு. முன்பு பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்கு மட்டும் இருந்த வேலைநிறுத்த நோட்டீஸ் இப்போது எல்லா ஆலைக்கும் உண்டு. நோட்டீஸ் கொடுத்து 14 நாள் கழிந்த பிறகே நிறுத்த முடியும், அந்த நோட்டீஸ் 60 நாளுக்குச் செல்லும். நடுவில் சமரசப் பேச்சு தொடங்கிவிட்டால் அது முடிந்து ஏழு நாள் வரை நிறுத்தக் கூடாது. பாதிப் பேரோ அதற்கு மேலோ பேசிவைத்து ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தாலும் வேலைநிறுத்தம்தான். சட்டவிரோத வேலைநிறுத்தத்தில் கலந்துகொண்டால் 1,000 முதல் 10,000 ரூபாய் வரை அபராதம், ஒரு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். கோபத்தில் கேட் முன்னால் உட்காரும் முன் நாட்காட்டியை எடுத்து எண்ணுங்கள்.

சட்டத்தை மாற்றக் கேட்பது

தொழிற்சங்கம் அரசியலமைப்பின் பொதுப்பட்டியலில் 22ஆவது இனம். மாநிலமும் சட்டம் போடலாம். மத்தியச் சட்டத்தோடு முரண்பட்டால் 254(2) பிரிவின்படி குடியரசுத் தலைவர் ஒப்புதல் வேண்டும். ஆனால் மாநில விதிகளுக்கு அது வேண்டாம். அதனால் இன்றைக்குக் கைக்கெட்டும் இடம் விதிகள்தான்: பேச்சுவார்த்தைச் சங்கத்துக்கான நிபந்தனை, ஆதரவைச் சரிபார்க்கும் முறை, ரகசிய வாக்கெடுப்பு. வரைவு அரசிதழில் வந்ததும் கெடுவுக்குள் ஆட்சேபணையை எழுதி அனுப்புங்கள். "தொழிலாளர் விரோத விதி" என்று பொதுவாக எழுதினால் கோப்பில் தூங்கும். விதி எண், இப்போதுள்ள வாசகம், மாற்று வாசகம், காரணம் நான்கு வரி என்று எழுதினால் படிப்பார்கள்.

உங்கள் சட்டமன்ற உறுப்பினரைப் பார்க்கத் தொழிலாளர் துறை மானியக் கோரிக்கை விவாதத்துக்கு இரண்டு வாரம் முன்பே போங்கள். விவாதம் முடிந்த பிறகு சால்வையோடு போய்ப் பயனில்லை. எதிர்க்கட்சி உறுப்பினரை மட்டும் பார்ப்பதும் போதாது. 2023 ஏப்ரல் 21இல் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைகள் திருத்த மசோதா பேரவையில் நிறைவேறியபோது ஆளும் கட்சியின் கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்பு செய்தன. சங்கங்கள் ஒன்றாக நின்றன. மே 1இல் அது திரும்பப் பெறப்பட்டது. மனுவில் தொகுதியிலுள்ள ஆலைகளின் பட்டியல், ஒவ்வொன்றிலும் எத்தனை தொழிலாளிகள், எத்தனை சங்க மனுக்கள் எத்தனை நாளாக நிலுவை என்ற கணக்கைச் சேருங்கள். நிலுவைக் கணக்கைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கலாம், பத்து ரூபாய்க் கட்டணம், 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். அந்தப் பதிலின் நகலை மனுவோடு பின் செய்து கொடுங்கள்.