முழங்கால் ஆழத்தில் கிழங்கான்: பாக் விரிகுடா கரையில் குடும்பத்தோடு முதல் தூண்டில்

கடலில் முதல்முறை தூண்டில் போடுகிறவர்கள் பெரும்பாலும், மீன் எங்கோ தூரத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டு பெரிய முள்ளில் பெரிய இரையைக் கோத்து, பலம் கொண்ட மட்டும் வீசுகிறார்கள். பாக் விரிகுடாவின் கரையோரத்தில் கிழங்கான் மேய்வது முழங்கால், இடுப்பு ஆழ மணலில். எறிகிற ஈயம் அதன் தலைக்கு மேல் பறந்து அந்தப் பக்கம் போய் விழுகிறது. குழந்தைகளோடு போவதற்கு இந்த மீனைவிட நல்ல மீன் கிடையாது. சின்ன முள், சின்ன இரை, பத்துப் பதினைந்து மீட்டர் தூரம் போதும்.

இடமும் பருவமும்

ராமநாதபுரம் மாவட்டத்தில் தேவிபட்டினம், அரியமான், தொண்டி பக்கம் கடற்கரை சரிவு குறைந்தது, அலையும் சிறியது. ஆனால் ஆண்டு முழுவதும் இப்படி இருக்காது. அக்டோபரில் வாடைக்காற்று திரும்பியதும் இந்தக் கரை கலங்கி, அலை கூடிவிடும். அப்போது மன்னார் வளைகுடா பக்கம் அமைதியாக இருக்கும். மார்ச் முதல் செப்டம்பர் வரை நிலைமை தலைகீழ். கச்சான் (தென்மேற்கு) காற்றுக் காலத்தில் தெற்கே கடல் கொந்தளிக்கும்போது, வடக்கு நோக்கிய அரியமான் போன்ற கரைகள் நிலத்தின் மறைவில் அடங்கிக் கிடக்கும்.

இதில் ஓர் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. அந்தக் காற்று கரையிலிருந்து கடலை நோக்கி அடிப்பது. காற்றடித்த ரப்பர் மிதவையில் குழந்தையை உட்கார வைத்தால், நீர் எவ்வளவு அமைதியாக இருந்தாலும் மிதவை சத்தமில்லாமல் வெளியே போய்க்கொண்டே இருக்கும். மிதவையை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். தனுஷ்கோடிக்கு அப்பாலுள்ள அரிச்சல்முனையும் முதல் தூண்டிலுக்கு உகந்த இடமல்ல. இரண்டு கடல் சேரும் அங்கே நீரோட்டம் கடுமை.

படகு நிற்கும் துறையிலும் கரைவலை இழுக்கும் இடத்திலும் கேட்காமல் தூண்டில் போடாதீர்கள். "அண்ணே, இங்க தூண்டில் போடலாமா? வலை ஏதும் கிடக்கா?" என்று கேட்டால் தடை இருந்தால் சொல்வார்கள். பல நேரம் அன்றைக்கு மீன் எந்தப் பக்கம் மேய்கிறது என்பதும் சேர்ந்தே கிடைக்கும்.

நேரம்

இங்கே ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள உயர வேறுபாடு ஒரு மீட்டருக்கும் குறைவு. இருந்தாலும் மீனுக்கு அது போதும். ஏறுகிற நீரோடு சேர்ந்து கிழங்கான் மணல்திட்டின் மேல் இரை தேடி வரும். ஏற்றம் உச்சிக்கு வருவதற்கு முந்தைய இரண்டு மணி நேரமும் அடுத்த ஒரு மணி நேரமும் நல்ல நேரம். உச்சி ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். ஆகவே அது காலை ஏழரை, எட்டு மணிக்கு வரும் நாளைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஹைதராபாத்தில் இயங்கும் இன்காய்ஸ் (INCOIS) நிறுவனத்தின் தளத்தில் அலை, காற்று முன்னறிவிப்பும் ஏற்ற, வற்ற நேரமும் இருக்கும். பாம்பனில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

ஆறு மணிக்குக் கரையில் இருங்கள், ஒன்பதுக்குச் சுருட்டிவிடுங்கள். சிறு பிள்ளைகள் ஒரே மூச்சில் தூண்டில் பிடிப்பது அரை மணி நேரம்தான். பிறகு நண்டு துரத்தப் போய்விடுவார்கள். போகட்டும்.

வாங்க வேண்டியவை

நான்கு பேருக்கு இரண்டு கைத்தூண்டில் போதும். ஆளுக்கொன்று என்றால் சிக்கெடுக்கவே பொழுது போய்விடும். கம்பும் ரீலும் இப்போது தேவையில்லை. நரம்பை விரலில் பிடிக்கும்போது மீன் தொடுவது நேரடியாகத் தெரியும்.

ஒரு தூண்டிலுக்கு: 0.35 மி.மீ. தங்கூசி (நைலான் நரம்பு) 40 மீட்டர், சுற்றி வைக்க அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில், நடுவில் துளையுள்ள 20 கிராம் ஈயக்குண்டு, நரம்பு முறுக்கிக்கொள்ளாமல் சுழலும் ஒரு சிறிய சுழலி (ஸ்விவல்), முள் கட்ட 0.25 மி.மீ. தங்கூசி 45 செ.மீ. முள்ளில் நீண்ட தண்டுள்ள 8 அல்லது 10 ஆம் எண் கேளுங்கள். இந்த வரிசையில் எண் கூடக்கூட முள் சிறிதாகும். எண் குழப்பினால், வளைவின் அகலம் அரை செ.மீ. அளவு இருக்கிறதா என்று பாருங்கள். பத்து முள் வாங்குங்கள், பாதி தொலையும்.

இவற்றோடு மூக்கு நீண்ட இடுக்கி, பழைய துண்டு, கத்தரி, மூன்று கிலோ ஐஸ் கொள்ளும் பெட்டி, குடிநீர், தொப்பி. காலுக்குக் கட்டிய கேன்வாஸ் ஷூ. ரப்பர் செருப்பைச் சேறு பிடுங்கிக்கொள்ளும். நீரில் இறங்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் அளவான உயிர்காப்புச் சட்டை வேண்டும், முழங்கால் ஆழமாக இருந்தாலும்.

கட்டுவது

இதை முந்தின நாள் இரவு வீட்டு விளக்கில் செய்யுங்கள். தடித்த தங்கூசியில் ஈயக்குண்டைக் கோத்து, அதன் பின் சுழலியைக் கட்டுங்கள். குண்டு நரம்பில் தாராளமாக ஓட வேண்டும். சுழலியின் மறுபக்கம் மெல்லிய தங்கூசி, அதன் முனையில் முள், அவ்வளவுதான். குண்டு ஓடுவதால் மீன் இரையை இழுக்கும்போது கனம் தெரியாது, துப்பிவிட்டு ஓடாது.

முடிச்சு: நரம்பை முள்ளின் காதுக்குள் விட்டு 10 செ.மீ. வெளியே எடுங்கள். அந்த நுனியை மூல நரம்பைச் சுற்றி ஐந்து முறை முறுக்குங்கள். காதை ஒட்டியுள்ள சிறு கண்ணுக்குள் நுனியை நுழைத்து, அப்போது உருவாகும் பெரிய வளையத்துக்குள்ளும் ஒருமுறை விடுங்கள். எச்சில் தொட்டு மெதுவாக இறுக்குங்கள். உலர்ந்தபடி இழுத்தால் உராய்வுச் சூட்டில் நரம்பு பலமிழக்கும். நுனியில் 3 மி.மீ. விட்டு வெட்டுங்கள்.

கடைசியாக, இடுக்கியால் முள்ளின் எதிர்க்கொக்கியை (நுனிக்குக் கீழே பின்னோக்கி நீட்டும் சிறு முனையை) நசுக்கித் தட்டையாக்குங்கள். ஒன்றிரண்டு மீன் கூடுதலாகத் தப்பும். ஆனால் பிள்ளையின் விரலில் ஏறினால் வந்த வழியே வெளியே வரும். கொக்கி நசுக்காத முள் ஆழமாக ஏறிவிட்டால் பிடுங்க வேண்டாம், மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

இரை

200 கிராம் சிறு இறால் போதும். தோலுரித்து உப்புத் தூவி இரவு முழுக்கக் குளிரில் வைத்தால் சதை கெட்டிப்படும், முள்ளில் நிற்கும். ஒரு செ.மீ. துண்டாக்கி, முள்ளின் தண்டோடு நீளவாக்கில் கோத்து, முள் நுனி மட்டும் எட்டிப் பார்க்கும்படி விடுங்கள். கிழங்கானின் வாய் மிகச் சிறியது. முழு இறாலைக் கோத்தால் அது ஓரத்தைக் கொறித்துவிட்டுப் போகும். இறாலை நண்டு ஓயாமல் பறிக்கிற நாளில் கணவாயை அரை செ.மீ. அகலப் பட்டையாக நறுக்கிப் போடுங்கள். அது எளிதில் கழன்று வராது.

தண்ணீரில் இறங்கி

முதலில் கரையில் நின்று பாருங்கள். கருத்துத் தெரிவது கடல்தாழை என்ற கடற்புல், வெளுத்துத் தெரிவது மணல். தூண்டில் விழ வேண்டியது தாழையை ஒட்டிய வெள்ளை மணலில். தாழைக்குள் விழுந்தால் முள் புல்லை வாரிக்கொண்டு வரும்.

நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்து நகருங்கள். மணலுக்குள் திருக்கை புதைந்து கிடக்கும். தேய்க்கும் அதிர்வில் அது விலகிப் போகும், மிதித்தால்தான் வாலைச் சுழற்றும். பிள்ளைகள் முழங்காலுக்கு மேல் போக வேண்டாம்.

வீசுவதற்கு முன் பின்னால் பாருங்கள். பாட்டிலின் வாய்ப்பக்கம் கடலைப் பார்க்கட்டும். ஈயத்துக்கு மேல் அரை மீட்டர் நரம்பைத் தொங்கவிட்டு, தாழ்வாக முன்னும் பின்னும் ஆட்டி விடுங்கள். தலைக்கு மேல் சுழற்றும் வித்தை குடும்பத்தோடு நிற்கும்போது வேண்டாம். ஈயம் தரை தொட்டதும் தொய்வை இழுத்து, நரம்பைச் சுட்டுவிரலில் போட்டுக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு சாண் இழுங்கள். ஈயம் கிளப்பும் மணல்புகை கிழங்கானைக் கூப்பிடும்.

கடி 'டக், டக்' என்று விரலில் தெரியும். முதல் தட்டுக்கு இழுக்காதீர்கள். நரம்பு இறுகி நகரும்போது மணிக்கட்டை மட்டும் தூக்கி, நிற்காமல் கை மாற்றி மாற்றி இழுங்கள். வெடுக்கென்று இழுத்தால் மெல்லிய வாய் கிழிந்துவிடும்.

கோளாறும் காரணமும்

இரை மட்டும் போகிறது, மீன் இல்லை: இரை பெரிது, அல்லது கீச்சான் என்ற சிறுமீன் கூட்டம் வந்திருக்கிறது. இரையைக் குறைத்துப் பாருங்கள், பிறகு இருபது மீட்டர் தள்ளிப் போங்கள். நரம்பு கத்தியால் வெட்டியதுபோல் போயிருந்தால் பேத்தை மீன் கடித்திருக்கலாம். முனை சுருள் சுருளாக இருந்தால் முடிச்சு நழுவியிருக்கிறது. முனை சொரசொரப்பாக இருந்தால் பாறையிலோ சிப்பியிலோ உரசியது. அந்த ஒரு மீட்டரை வெட்டிவிட்டுக் கட்டுங்கள். இருபது நிமிடம் கடியே இல்லை என்றால் இடம் மாற்றுங்கள். பொறுமைக்கு இங்கே மதிப்பெண் கிடையாது.

வெறுங்கையால் தொடக்கூடாதவை

கெளுத்திக்கு முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என மூன்று விஷமுள். ஓரா மீனுக்கு முதுகு, வயிறு எங்கும் முள். சாப்பிட நல்ல மீன்தான், ஆனால் துண்டும் இடுக்கியும் இல்லாமல் தொடாதீர்கள். குத்திவிட்டால், தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் அமிழ்த்தி வையுங்கள். வலி இருக்கும் கை சூட்டைச் சரியாக உணராது, ஆகவே மறு கையால் சூடு பாருங்கள். இதற்காகவே ஒரு ஃபிளாஸ்க் வெந்நீர் எடுத்துப் போவது நல்லது. திருக்கை குத்தினால் இதையே செய்துகொண்டு மருத்துவரிடம் போக வேண்டும். சொறி (ஜெல்லி மீன்) பட்டால் தேய்க்காமல் கடல்நீரால் மட்டும் கழுவுங்கள்.

ஊதிக்கொள்ளும் பேத்தையை எப்படிச் சமைத்தாலும் விஷம் போகாது. உடனே கடலில் விட்டுவிடுங்கள். கடல் அட்டையும் கடல் குதிரையும் 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. பிள்ளைகள் கையில் எடுத்திருந்தால் எடுத்த இடத்திலேயே விடச் சொல்லுங்கள். கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல்படை 1554, ஆம்புலன்ஸ் 108.

பிடித்த பிறகு

கையை நனைத்துக்கொண்டு மீனைப் பிடித்து, முள்ளை இடுக்கியால் கழற்றுங்கள். ஒரு சாணுக்குக் குறைந்ததை விட்டுவிடலாம். மற்றதை உடனே ஐஸில் போடுங்கள். உடைத்த ஐஸோடு கொஞ்சம் கடல்நீர் கலந்தால் சீக்கிரம் குளிரும். வாளித் தண்ணீரில் உயிரோடு விட்டுப் பிள்ளைகளுக்குக் காட்டிக்கொண்டிருந்தால் சதை குழைந்துவிடும். கிழங்கானுக்குச் செதில் சுரண்டி, குடலெடுத்து, மஞ்சளும் மிளகாய்த்தூளும் உப்பும் தடவிய பொரியலே போதும். புளி ஊற்றிக் குழம்பு வைத்தால் அதன் மென்மை தெரியாமல் போகும்.

அறுந்த தங்கூசியை மணலில் விடாதீர்கள், பறவைக் காலில் சுற்றும். காலி பாட்டிலுக்குள் திணித்து வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். ஈயம் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் பிள்ளைகள் எதையும் சாப்பிட வேண்டும். முள்ளையும் சுழலியையும் நன்னீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். துருவேறிய முள்ளைத் தீட்டிப் பயன்படுத்தாமல் மாற்றிவிடுங்கள்.