தோட்டத்துல தெரியாத பறவையா, முதல்ல சத்தத்த பிடிங்க

தோட்டத்துல புதுசா ஒரு பறவை வந்தா போட்டோ எடுக்க பக்கத்துல போகாதீங்க, நின்ன எடத்துல இருந்தே போன்ல மெர்லின் ஆப்ப திறந்து சவுண்ட் ஐடிய ஆன் பண்ணுங்க, கத்துறது என்ன பறவைன்னு பேரோட படமும் காட்டும். கார்னெல் பறவையியல் ஆய்வகத்தோட ஆப், காசு கிடையாது, நம்ம ஊர் பறவைங்க இருக்குற பேக்க மட்டும் முன்னாடியே டவுன்லோட் பண்ணி வச்சுக்கிட்டா அழகர்கோயில் பக்கம் சிக்னல் இல்லாத தோப்புலயும் வேலை செய்யும்.

கிளை மறைச்சாலும், வெளிச்சம் கம்மியா இருந்தாலும் சத்தம் தெளிவா வந்துரும், அதான் இது போட்டோவ விட லேசு. உதாரணத்துக்கு ஆறுமணிக்குருவி, குளிர்காலத்துல வடக்க இருந்து நம்ம பக்கம் வரும், அவ்வளவு கலரு, ஆனா தரையில சருகுக்குள்ளயே திரியுறதால கண்ணுல படுறது கஷ்டம், விடியக்காலையிலயும் பொழுது சாயுறப்பவும் கத்துறத வச்சுத்தான் பிடிக்கணும்.

கத்தாம உக்காந்திருக்குற பறவைக்கு இது உதவாது. அப்ப மைனாவ விட பெருசா சின்னதா, அலகு வளைஞ்சதா நேரானதா, வாலு எவ்வளவு நீளம்னு பாத்து வச்சுக்கோங்க, கலர மட்டும் நம்பாதீங்க, ஏன்னா பொம்பளக் குயிலு கருப்பா இருக்காது, பழுப்புல வெள்ளப் புள்ளியா இருக்கும், நெறய பேரு அத வேற பறவைன்னே நினைக்குறாங்க. பஸ் போற ரோட்டோரம் இரைச்சல்ல ஆப் தடுமாறும். கரிச்சான் வேற வல்லூறு மாதிரியே கத்தும், அதனால பேரு வந்ததும் மரத்த ஒரு தடவ பாத்துருங்க.