ஆப் இல்லையா, கதவே இல்லையா? பூட்டிய போனில் செய்யக் கூடாத தவறுகள்

'இதுக்கு ஒரு ஆப் இருந்தா நல்லா இருக்குமே' என்று தோன்றுகிற பல விஷயங்களுக்கு, ஆப் எழுத ஆள் இல்லாமல் போகவில்லை. எழுதினாலும் வேலை செய்ய விடமாட்டார்கள், அவ்வளவுதான். தடை மூன்று இடங்களில் இருக்கலாம். போனுக்குள் அந்த உறுப்பே இல்லாமல் இருக்கலாம். உறுப்பு இருந்தும், ஆண்ட்ராய்டோ ஐஓஎஸ்ஸோ அதை வெளி ஆப்களுக்குத் திறந்துவிடாமல் இருக்கலாம். எல்லாம் இருந்தும், போனைத் தயாரித்த கம்பெனியோ, சிம் விற்ற நிறுவனமோ, தவணைக் கடன் கொடுத்தவரோ பூட்டி வைத்திருக்கலாம். எந்தப் பூட்டு என்று பார்க்காமல் சாவி தேடக் கிளம்புவதுதான் முதல் தவறு. கீழே வருபவை எல்லாம் அதன் பிள்ளைகள்.

இல்லாத உறுப்புக்கு ஆப் தேடுவது

எஃப்எம் ரேடியோவை எடுத்துக்கொள்வோம். வைஃபை, ப்ளூடூத் வேலையைப் பார்க்கும் அதே சிப்பில் எஃப்எம் ரிசீவரும் சேர்ந்து வருவது உண்டு. ஆனால் அதற்கு ஆன்டெனா இணைப்புக் கொடுக்காமல் விட்டிருப்பார்கள், அல்லது மென்பொருளில் அணைத்திருப்பார்கள். ரேடியோ வசதி உள்ள போன்களில் அதை அணைத்து வைக்காதீர்கள் என்று 2023-ல் மத்திய மின்னணு அமைச்சகமே தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்த வேண்டியிருந்தது. ப்ளே ஸ்டோரில் 'எஃப்எம் ரேடியோ' என்று கிடைப்பவை பெரும்பாலும் இணையத்தில் ஓடும் ஒலிபரப்பு. புயலில் டவர் போனால் அதுவும் போகும். ரேடியோ தேவைப்படுவதே அப்போதுதான்.

போனோடு வந்த ரேடியோ ஆப் இருந்து, ஒயர் வைத்த இயர்போனும் மாட்ட முடிந்தால் உங்கள் போனில் எஃப்எம் உண்டு. 100 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 3 மீட்டர். அதில் கால் பங்கு 75 சென்டிமீட்டர். இயர்போன் ஒயர்தான் அந்த ஆன்டெனா. ப்ளூடூத் இயர்பட்டை மட்டும் மாட்டிக்கொண்டு 'சிக்னல் இல்லை' என்று ஆப்பைத் திட்டுவதில் அர்த்தமில்லை.

டிவி ரிமோட் ஆப்பும் இதே கதை. போனின் மேல் விளிம்பில் அகச்சிவப்பு விளக்கு, சின்னக் கறுப்புப் புள்ளியாக, இருந்தால்தான் பழைய டிவியும் ஏசியும் கேட்கும். விளக்கு இல்லாத போனில் அந்த ஆப், வைஃபையில் இணைந்த ஸ்மார்ட் டிவியோடு மட்டும் பேசும். அறையின் வெப்பநிலை காட்டும் ஆப்கள் பெரும்பாலும் பேட்டரியின் சூட்டையோ, இணையத்தில் எடுத்த வானிலைத் தகவலையோதான் காட்டுகின்றன.

இதெல்லாம் ஏமாற்றத்தோடு முடியும். ரத்த அழுத்த ஆப் அப்படி முடியாது. கையில் பட்டை கட்டாமல், கேமராவில் விரல் வைத்தாலே அழுத்தம் காட்டும் என்று விற்ற ஒரு ஆப் மீது அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 2016-ல் நடவடிக்கை எடுத்தது. கேமராவால் நாடித் துடிப்பை எண்ண முடியும். அழுத்தத்துக்குப் பட்டை கட்டிப் பாருங்கள்.

'கிளீனர்', 'கூலர்' ஆப்களைப் பற்றி நாலு வரி போதும். மற்ற ஆப்களின் கேஷை (தற்காலிகக் கோப்புகளை) அழிக்கும் உரிமை ஆண்ட்ராய்டு 6-லிருந்தே வெளி ஆப்களுக்குக் கிடையாது. ரேமைக் காலி செய்தால், மூடிய ஆப் முதலிலிருந்து எழுந்து வர இன்னும் கொஞ்சம் பேட்டரி தின்னும். சுத்தமாவது அந்த அனிமேஷனில் வரும் துடைப்பம் ஒன்றுதான்.

அழைப்பைப் பதிவு செய்ய, வீட்டுச் சாவியைக் கொடுப்பது

அதிகம் பேர் தேடுவதும் அதிகம் பேர் மாட்டுவதும் இதில்தான். வெளி ஆப் ஒன்று அழைப்பின் இரு குரலையும் நேரடியாக எடுக்கும் வழியை கூகுள் படிப்படியாக அடைத்தது. ஆண்ட்ராய்டு 9-ல் மிச்சமிருந்த குறுக்குவழிகளும் போயின. அதற்குப் பிறகு ரெக்கார்டர் ஆப்கள் ஆக்ஸஸிபிலிட்டி என்ற அனுமதியைப் பிடித்துக்கொண்டு ஓடின. 2022 மே 11 முதல் ப்ளே ஸ்டோரில் அதற்கும் தடை. ஆகவே இன்று ஸ்டோரில் இருக்கும் ரெக்கார்டரைப் போட்டால் உங்கள் குரல் மட்டும் பதிவாகி, எதிர்முனை மௌனமாக இருப்பது ஆப்பின் கோளாறு அல்ல. ஸ்பீக்கரில் போட்டால் மங்கலாகக் கேட்கும். அந்த ஆப்கள் சொல்லும் 'தீர்வு' அதுதான்.

தவறு அடுத்த கட்டத்தில் நடக்கிறது. 'முழு வெர்ஷன்' என்று வெளித்தளத்தில் ஏபிகே என்ற ஆப் நிறுவும் கோப்பை இறக்குவார்கள். அது ஆக்ஸஸிபிலிட்டி கேட்கும். பார்வையற்றோருக்குத் திரையைப் படித்துச் சொல்லவும், கை இயக்க முடியாதவருக்குப் பதிலாகப் பொத்தானை அழுத்தவும் உருவான அனுமதி அது. கொடுத்துவிட்டால் அந்த ஆப் திரையில் உள்ளதைப் படிக்கும். உங்கள் சார்பில் தொடும். ஓடிபி எதற்கு, யூபிஐ எதற்கு என்று தனியாகக் கேட்க வேண்டிய அவசியமே அதற்கு இல்லை.

இதனால்தான் ஆண்ட்ராய்டு 13-லிருந்து, இப்படி வெளியிலிருந்து போட்ட ஆப்புக்கு ஆக்ஸஸிபிலிட்டி கொடுக்கப் போனால் 'கட்டுப்படுத்தப்பட்ட அமைப்பு' என்று ஒரு சுவர் வரும். ஆப் தகவல் பக்கத்தின் மூன்று புள்ளி மெனுவில் அதைத் திறக்க வழி உண்டு. அந்த வழியைப் படம் போட்டு அம்புக்குறி வைத்து ஒரு ஆப்பே சொல்லிக் கொடுத்தால், அங்கேயே அதை நீக்கிவிடுங்கள். கல்யாணப் பத்திரிகை, ஆர்டிஓ அபராத ரசீது என்ற பெயர்களில் வாட்ஸ்அப்பில் சுற்றும் ஏபிகேக்களிலும் இப்படிப்பட்ட அனுமதி வேட்டைதான் நடக்கிறது. பத்திரிகை என்றால் படமாகவோ பிடிஎஃப்பாகவோ வரும், நிறுவச் சொல்லாது.

ஏற்கெனவே போட்டாயிற்று என்றால் வரிசை முக்கியம். முதலில் ஏரோபிளேன் மோட். பிறகு சேஃப் மோட்: பல போன்களில் பவர் மெனுவில் 'பவர் ஆஃப்' என்பதை அழுத்திப் பிடித்தால் வரும், அதில் வெளி ஆப்கள் ஓடாது. அங்கே ஆக்ஸஸிபிலிட்டி பட்டியலிலும், 'டிவைஸ் அட்மின்' (போனை நிர்வகிக்கும் உரிமை) பட்டியலிலும் அந்த ஆப்பை அணைத்த பிறகே அன்இன்ஸ்டால் செய்ய வேண்டும். அட்மினை அணைக்காமல் நீக்கப் போனால் பொத்தான் மங்கலாகவே கிடக்கும். அதற்குள் வேறொரு போனிலிருந்து வங்கியைக் கூப்பிடுங்கள். இந்தியாவில் பணம் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930.

சரி, பதிவு செய்ய நேர்வழி? போனோடு வந்த டயலருக்கு அந்த உரிமை இருக்கும். இந்தியாவில் விற்கும் சாம்சங் போன்களில் டயலரின் அமைப்புகளிலேயே 'ரெக்கார்ட் கால்ஸ்' இருக்கிறது. கூகுள் டயலரும் பதிவு செய்யும், ஆனால் இரு பக்கமும் கேட்க அறிவித்துவிட்டு. ஐபோனில் 2024 அக்டோபரில் வந்த ஐஓஎஸ் 18.1 முதல் அறிவிப்போடு பதிவு செய்யலாம். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த சாம்சங்கில் இந்த வசதி தெரியவில்லை என்றால் போன் பழுது என்று நினைக்க வேண்டாம். விற்ற நாட்டைப் பொறுத்து மென்பொருள் மாறும்.

ரூட் தேவையே இல்லாத வேலைக்கு ரூட் செய்வது

கம்பெனி திணித்த ஆப்களைத் தூக்க மட்டும் போனை ரூட் செய்கிறவர்கள், அதாவது சிஸ்டத்தின் முழு அதிகாரத்தையும் கைப்பற்றுகிறவர்கள், இன்னும் இருக்கிறார்கள். கொசுவுக்காக வீட்டுக் கூரையைப் பிரிப்பது மாதிரி. பில்ட் எண்ணை 7 முறை தட்டி டெவலப்பர் ஆப்ஷன்களைத் திறந்து, யூஎஸ்பி டீபக்கிங்கை இயக்கி, கணினியிலிருந்து போனுக்குக் கட்டளையிடும் ஏடிபி கருவியைக் கொண்டு 'யூசர் 0'-க்கு (போனின் முதல் பயனருக்கு) மட்டும் அந்த ஆப்பை நீக்கலாம். ஆண்ட்ராய்டு 11 முதல் ஒயர்லெஸ் டீபக்கிங் இருப்பதால் ஷிசுகு போன்ற ஆப் வழியாகக் கணினி இல்லாமலும் முடியும். ரூட் இல்லாத போனில் ஷிசுகுவைப் பொதுவாக ஒவ்வொரு ரீஸ்டார்ட்டுக்குப் பிறகும் மறுபடி கிளப்ப வேண்டும், அது பழுதல்ல.

இங்கே நடக்கும் தவறு, யாரோ கொடுத்த நீண்ட பட்டியலை அப்படியே ஓட்டுவது. அந்தப் பட்டியல் வேறு மாடலுக்கானது. சில கம்பெனிகளின் பாதுகாப்பு ஆப்பையோ, தொலைந்த போனைத் தேடும் ஆப்பையோ நீக்கினால் போன் லோகோவிலேயே சுழன்றுகொண்டிருக்கும். அசல் கோப்பு சிஸ்டம் பகுதியிலேயே இருப்பதால் ஃபேக்டரி ரீசெட்டில் திரும்பி வரும், ஆனால் உங்கள் படங்கள் போய்விடும். முதலில் நீக்காமல் முடக்கி மட்டும் வையுங்கள். ஐந்தைந்தாகச் செய்து, ஒவ்வொரு முறையும் ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். முடிந்ததும் டீபக்கிங்கை அணையுங்கள். அது இயங்கிக்கொண்டிருந்தால் சில வங்கி ஆப்கள் திறக்க மறுக்கும்.

பூட்லோடர்: பூட்டைத் திறந்த பிறகு படிப்பது

பூட்லோடர் என்பது போன் எழும்போது முதலில் ஓடி, கம்பெனி ஒப்புக்கொண்ட மென்பொருளை மட்டும் உள்ளே விடும் காவல்காரன். கஸ்டம் ரோம் (கம்பெனி தராத வேறு ஆண்ட்ராய்டு) போடவோ முழு ரூட் வேண்டியோ பூட்லோடரைத் திறப்பவர்கள், திறக்கும் கட்டளையே போனை முழுக்கத் துடைக்கும் என்பதைப் பல நேரம் துடைத்த பிறகுதான் கவனிக்கிறார்கள். படங்களை எடுத்து வைத்துவிட்டு, இரண்டடுக்குச் சரிபார்ப்பு ஆப்பின் குறியீடுகளை மறப்பதுதான் வழக்கம். அதை வேறு போனுக்கு மாற்றிக்கொள்ளாமல் துடைத்தால் பல கணக்குகளுக்குள் மறுபடி நுழைவதே ஒரு வாரப் போராட்டம்.

திறக்க முடியுமா என்பதை வாங்கும் முன்பே பார்க்க வேண்டும். ஹுவாவே 2018-லேயே திறக்கும் குறியீடு கொடுப்பதை நிறுத்திவிட்டது. ஷாவ்மியில் பல மாடல்களுக்கு, கணக்கை இணைத்த பிறகு 168 மணி நேரம் காத்திருக்கச் சொல்லும். பொறுமை இல்லாமல் நடுவில் கணக்கைக் கழற்றி மறுபடி சேர்த்தால் காத்திருப்பும் முதலிலிருந்து தொடங்கலாம். கூகுளின் பிக்சலில் எளிது, ஆனால் அமெரிக்க சிம் நிறுவனமான வெரைசான் விற்ற பிக்சலில் அந்தப் பொத்தான் மங்கலாகவே இருக்கும். எதைச் செய்தும் ஒளிராது.

திறந்தால் என்னென்ன போகும்? சாம்சங்கில் கம்பெனி கையொப்பம் இல்லாத மென்பொருளை ஏற்றினால் நாக்ஸ் என்ற உட்கம்பி எரிந்து, எண் 0-லிருந்து 1 ஆகும். இது மென்பொருள் அல்ல, சிப்புக்குள் நிரந்தரமாக எரியும் ஃபியூஸ். அசல் மென்பொருளைத் திரும்பப் போட்டாலும் 1 அப்படியே நிற்கும். ரகசியக் கோப்புகளை வைக்கும் செக்யூர் ஃபோல்டர் வராது. பல போன்களில் வைடுவைன் எல்1 என்ற வீடியோ பாதுகாப்புச் சான்று எல்3-க்கு இறங்கி, நெட்ஃப்ளிக்ஸ் 480பி-யில் நின்றுவிடும். போன் மாற்றப்படாததா என்று பார்க்கும் கூகுளின் ப்ளே இன்டெக்ரிட்டி சோதனை தோற்பதால் வங்கி ஆப்கள் கைவிரிக்கும். பூட்டு திறந்திருப்பதை மறைக்கச் சின்ன மென்பொருள் தொகுதிகள் வருகின்றன, கூகுள் அடைக்கிறது, மறுபடி புதிது வருகிறது. சம்பளக் கணக்கும் யூபிஐயும் ஓடும் ஒரே போனில் இந்த விளையாட்டு வேண்டாம். பழைய போன் ஒன்றில் ஆசை தீரச் செய்யலாம்.

போன் எழவே முடியாத செங்கல்லாவது பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றால். ஒன்று, வேறு பில்ட் எண்ணின் பூட் கோப்பை மேஜிஸ்க் என்ற ரூட் கருவியில் திருத்தி ஏற்றுவது. உங்கள் போனில் ஓடும் பில்ட் எண், எழுத்துக்கு எழுத்து அதே எண்ணாக இருக்க வேண்டும். பிக்சல் 7 போல ஆண்ட்ராய்டு 13-ஓடு பிறந்த போன்களில் திருத்த வேண்டியது பூட் கோப்பே அல்ல, 'இனிட் பூட்' கோப்பு.

இரண்டாவது, பழைய வெர்ஷனுக்கு இறங்கப் பார்ப்பது. சாம்சங் பில்ட் எண்ணில் கடைசியிலிருந்து ஐந்தாவது எழுத்தைப் பாருங்கள். அது 5 என்றால், 4 உள்ள மென்பொருளை ஏற்ற முடியாது. பிக்சல் 6 வரிசையில் 2022 ஆகஸ்டில் ஆண்ட்ராய்டு 13 போட்டவர்களுக்கு 12-க்குத் திரும்பும் வழி மூடிக்கொண்டது.

மூன்றாவதுதான் மோசம்: விற்கும் முன், ரூட் செய்த நிலையிலேயே பூட்லோடரை மறுபடி பூட்டுவது. கையொப்பம் பொருந்தாததால் போன் எழாது. பூட்டியிருப்பதால் சரிசெய்யவும் விடாது. முழு அசல் மென்பொருளை ஏற்றி, ஒருமுறை நன்றாக எழுகிறதா என்று பார்த்து, அதற்குப் பிறகே பூட்டுங்கள்.

ஐபோனில்

இலவச ஆப்பிள் கணக்கில் உங்கள் சொந்த ஆப்பை ஏற்றினால் 7 நாளில் காலாவதி, ஒரே நேரத்தில் 3 ஆப்தான். ஆண்டுக்கு 99 டாலர் கட்டினால் ஓராண்டு ஓடும். இதைத் தாண்ட, ஏதோ ஒரு கம்பெனியின் சான்றிதழில் கையொப்பமிட்டுத் தரும் தளங்களை நம்பி, அவர்கள் தரும் நிர்வாக ப்ரொஃபைலை நிறுவுவதுதான் தவறு. சான்றிதழை ஆப்பிள் ரத்து செய்த அன்றே ஆப் திறக்காது. ப்ரொஃபைல் மட்டும் போனில் தங்கி, அமைப்புகளை வேறொருவர் கையில் வைத்திருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 மார்ச்சில் ஐஓஎஸ் 17.4-ஓடு வேறு ஆப் கடைகள் வந்தன. கணக்கை அங்குள்ள ஒரு நாட்டுக்கு மாற்றினால் போதாது, இங்கே அது வேலை செய்யாது.

அடுத்தவர் பூட்டிய போனை வாங்குவது

செகண்ட்ஹேண்ட் போனில் பார்க்க வேண்டியது திரைக் கீறல் மட்டுமல்ல. வெளிநாட்டு ஐபோன் என்றால் அமைப்புகள், பொது, அறிமுகம் என்று போய் 'கேரியர் லாக்' வரியில் சிம் கட்டுப்பாடு இல்லை என்று இருக்கிறதா பாருங்கள். விற்பவர் தன் ஆப்பிள் அல்லது கூகுள் கணக்கை உங்கள் எதிரிலேயே கழற்ற வேண்டும். 'ரீசெட் பண்ணிட்டேன், அது போதும்' என்பது போதாது. ரீசெட்டுக்குப் பிறகு பழைய கணக்கைக் கேட்கவே அந்தப் பூட்டு இருக்கிறது.

தவணையில் வாங்கிய ஆண்ட்ராய்டு போன்கள் இன்னும் ஏமாற்றும். கடன் பூட்டு, போனின் உரிமையாளர் என்ற நிலையில் நிறுவப்பட்டிருக்கும். ரீசெட் செய்து வைஃபையில் இணைந்ததும் திரும்பி வரும். தவணை ஒழுங்காகப் போகும்வரை எதுவும் தெரியாது. விற்றவர் கட்டுவதை நிறுத்திய மாதம் உங்கள் கையில் பூட்டிக்கொள்ளும். பாதுகாப்பு அமைப்பில் டிவைஸ் அட்மின் பட்டியலைத் திறந்து, நிதி நிறுவனப் பெயர் எதுவும் இருக்கிறதா பாருங்கள். கடன் முடிந்த சான்றையும் கேளுங்கள். *#06# அழுத்தி வரும் ஐஎம்இஐ எண்ணைப் பெட்டியில் உள்ளதோடு ஒப்பிட்டு, இந்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் போட்டால், திருட்டுப் போன் என்று முடக்கப்பட்டதா என்பது நிமிடத்தில் தெரியும். பணத்தைக் கொடுப்பது அதற்குப் பிறகு.