தரங்கம்பாடியைத் தனியாக, நடந்தே, ஒரே நாளில் பார்ப்பது எப்படி?

தரங்கம்பாடிக்குப் போகிறவர்களில் பலர் ஒன்றரை மணி நேரத்தில் கிளம்பிவிடுகிறார்கள். நுழைவாயில், இரண்டு தேவாலயம், கோட்டை, நாலு படம், முடிந்தது. ஊர் சின்னதுதான். நுழைவாயிலிலிருந்து கடல் வரை மெதுவாக நடந்தாலும் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. ஆனால் இந்த ஊருக்கு வெயிலைப் பார்த்துத் திட்டம் போட வேண்டும், தூரத்தைப் பார்த்து அல்ல. ஒரே இடம் காலையில் ஒரு மாதிரி, மாலையில் வேறு மாதிரி. அதை வைத்துத்தான் கீழே உள்ள வரிசை.

கிளம்புவதற்கு முன்

வெள்ளிக்கிழமை வேண்டாம், அன்று கோட்டை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. ஞாயிறு காலையில் தேவாலயங்களில் ஆராதனை நடக்கும், சுற்றிப் பார்க்கத் தோதுப்படாது. ஜனவரி முதல் மார்ச் வரை நடக்க நல்ல பருவம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை.

முந்தின இரவு மயிலாடுதுறையிலோ காரைக்காலிலோ தங்கிக்கொள்ளுங்கள். மயிலாடுதுறையிலிருந்து ஏறத்தாழ 30 கி.மீ., காரைக்கால் அதில் பாதிதான். ரயிலை நம்ப வேண்டாம். மயிலாடுதுறை–தரங்கம்பாடி ரயில் பாதை 1986-லேயே மூடப்பட்டுவிட்டது. பஸ்ஸில் ஏறும்போதே தரங்கம்பாடியில் நிற்குமா என்று கண்டக்டரிடம் கேளுங்கள். பக்கத்து ஊரான பொறையாரில் இறங்கிவிட்டால் வீண் நடை.

பையில் இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி, ஒரு பருத்தித் துண்டு, சில்லறை நோட்டுகள். காலில் பின்பட்டை உள்ள செருப்பு. ஷூ போட்டால் மணல் உள்ளே புகுந்து, அதோடே நடந்து, மதியத்துக்குள் குதிகாலில் கொப்புளம் வந்துவிடும். தனியாகப் போவதால், எந்த பஸ்ஸில் திரும்புவதாக இருக்கிறீர்கள் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவைப்பது நல்லது.

விடியற்காலை: முதலில் கடலுக்கு

பஸ்ஸை விட்டு இறங்கியதும் நுழைவாயில் வழியே நேரே கடற்கரைக்குப் போய்விடுங்கள். வழியில் உள்ளதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கோட்டைக்கு வடக்கே கரையோரம் இருப்பது மாசிலாமணிநாதர் கோயில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306-இல் எழுந்தது. இவ்வூரைச் சடங்கன்பாடி என்று சொல்லும் கல்வெட்டு இங்குதான் இருக்கிறது. கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. மிச்சத்தைக் காக்கக் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். அந்தக் கற்களின் மேல் ஏறிப் படம் எடுக்கப் போகாதீர்கள். பாசி பிடித்த கல் காய்ந்ததுபோலத்தான் தெரியும், கால் வைத்தால் வழுக்கும். குளிக்கவும் இறங்க வேண்டாம், அலை இழுக்கும். தனியாக வந்தவருக்கு உதவ ஆள் வரும் வரை கடல் காத்திருக்காது.

வெயில் ஏறும் முன் தெற்கே நடந்து, கோட்டையின் கடல் பக்கச் சுவரைப் பாருங்கள். கிழக்கு வெளிச்சம் அதன் மேல் விழுவது காலையில் மட்டும்தான். படங்கள் பனி மூட்டம்போல வந்தால் கேமரா கெட்டுவிட்டதாக நினைக்க வேண்டாம். லென்ஸில் உப்புச் சாரல் படிந்திருக்கும். ஊதி, ஈரம் பட்டதும் துண்டால் மெல்ல ஒற்றி எடுங்கள். காய்ந்த உப்பைத் தேய்த்தால் கீறல் விழும். மீன் இறக்கும் இடத்தில் ஆட்களைப் படம் எடுப்பதாக இருந்தால் கேட்டுவிட்டு எடுங்கள்.

எட்டிலிருந்து பத்து: ராஜ வீதி

டிபனுக்கு மெயின் ரோட்டுக்கே திரும்பிவிடுங்கள், உள்ளே கடைகள் குறைவு. அங்கிருந்து வரும்போது நுழைவாயிலில் நின்று பாருங்கள். இது 1792-இல் கட்டியது. அதைத் தாண்டினால் ராஜ வீதி. சீயோன் தேவாலயம் 1701-இல் திறக்கப்பட்டது. புதிய எருசலேம் தேவாலயம் 1718-இல் எழுந்தது. அதன் முகப்பில் கிரீடத்தோடு இருக்கும் எழுத்துக்கோலத்தைத் தவறவிடாதீர்கள், டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடெரிக்கின் முத்திரை அது. ஊர் அப்போது டேனிஷ்காரர்கள் கையில் இருந்தது. உள்ளே ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்குவின் கல்லறை இருக்கிறது. 1706 ஜூலை 9 அன்று இங்கே வந்து இறங்கியவர். அவர் தமிழில் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு இவ்வூரில் அச்சேறியது 1715-இல். தமிழ் படிக்கும் ஒருவர் இங்கே கொஞ்ச நேரம் உட்கார இது ஒன்றே போதும். கதவு பூட்டியிருந்தால் வளாகத்தில் இருப்பவரிடம் கேளுங்கள்.

பத்திலிருந்து பன்னிரண்டு: கோட்டை

1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்துகொண்டு, ஓவ் கெட்டே என்ற டேனிஷ் தளபதி கட்டத் தொடங்கிய டான்ஸ்போர்க் கோட்டை இது. 1845-இல் டேனிஷ்காரர்கள் ஊரையே ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார்கள்.

முதலில் கீழ்த்தளத்துக்குப் போங்கள். கிடங்கு, சிறை, படைவீரர் அறை எல்லாம் அங்கே. மேல்தளம் ஆளுநரும் பாதிரியாரும் வசித்த இடம். நடுக் கூடத்தில் ஒட்டகத் திமில் மாதிரி நான்கு குவிமாடங்கள். நான்கின் பாரமும் நடுவில் நிற்கும் ஒரே தூணில் இறங்குகிறது. அந்தத் தூணுக்குப் பக்கத்தில் நின்று தலையை நிமிர்த்திப் பாருங்கள், நாலு பக்கமிருந்தும் வளைவுகள் இறங்கி வந்து சேருவது அப்போதுதான் புரியும்.

சுவர்களின் அடிப்பகுதியையும் கவனியுங்கள். வெள்ளையாக மாவு பூத்து, பூச்சு செதில் செதிலாக எழுந்திருக்கும் இடங்கள் கண்ணில் படும். தரையின் ஈரமும் கடல் காற்றும் கொண்டுவரும் உப்பு, சுண்ணாம்புப் பூச்சுக்குள் போய், ஈரம் காயும்போது படிகமாகி உள்ளிருந்தே பூச்சைப் பெயர்க்கிறது. சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விட்டுவிடும். சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிச் செங்கல்லையும் சேர்த்துக் கரைக்கும். பழைய கட்டடத்துக்குச் சுண்ணாம்புதான் பூச வேண்டும் என்று வல்லுநர்கள் வற்புறுத்துவது இதனால்தான். விரலால் சுரண்டிப் பார்க்காதீர்கள், கையோடு வந்துவிடும்.

மதியம்

பன்னிரண்டு முதல் மூன்றரை வரை நடை வேண்டாம். சாப்பிட்டுவிட்டு நிழலில் உட்காருங்கள். மயக்கம் வரும் நேரம் இது. தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல் அவ்வப்போது தண்ணீர் குடித்துக்கொண்டே இருங்கள்.

மாலை: இரண்டாவது சுற்று

மூன்றரைக்கு மேல் ராணி வீதியும் அதை ஒட்டிய சின்னத் தெருக்களும். இங்கே பார்க்க வேண்டியவை திண்ணைகள், மரத் தூண்கள், ஓட்டுக் கூரைகள். இவை ஆட்கள் குடியிருக்கும் வீடுகள். வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்ப்பது நல்லதில்லை.

ஐந்து மணிக்கு மறுபடி கோட்டை முன். புதிதாக வருபவர்கள் கடலில் சூரியன் மறையும் என்று கரையில் காத்திருப்பார்கள். இது கிழக்குக் கரை, சூரியன் ஊர்ப் பக்கம்தான் மறையும். அதனால் கடலுக்கு முதுகு காட்டுங்கள். கோட்டையின் மேற்குச் சுவர் அப்போது மஞ்சளாக எரியும். காலையில் இருண்டு கிடந்த பக்கம் அது.

கடைசி பஸ் எப்போது என்பதைக் காலையில் இறங்கியதுமே மெயின் ரோட்டுக் கடையில் கேட்டு வைத்திருங்கள். இருட்டும் முன் நிறுத்தத்துக்கு வந்துவிட்டால், அதற்கு முந்தின பஸ்ஸே கிடைத்துவிடும்.