ஐப்பசி, கார்த்திகையில் ஜவ்வாது மலை: நடைப்பயணிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர் வெயிலில் வெந்தவர்களுக்கு ஐப்பசி பிறந்ததும் ஜவ்வாது மலையின் நினைவு வந்துவிடுகிறது. மலை பசுமையாகவும் காற்று குளிர்ச்சியாகவும் இருக்கும் காலம் அது என்பது உண்மை; வடகிழக்குப் பருவமழையின் காலமும் அதுவே. இரண்டு நாள் நடைதானே என்று முதுகுப்பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புபவர்களின் தவறுகள் பலவும் இந்த இரண்டாவது உண்மையை மறப்பதால் நேர்கின்றன.

முதல் தவறு அனுமதி பெறாமல் போவது. காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது சட்டப்படி குற்றம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கி உயிரிழந்த பிறகு விதிகள் மேலும் இறுக்கப்பட்டன. 2024 அக்டோபரில் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் நாற்பது வழித்தடங்களுக்கு இணையத்திலேயே பதிவு செய்து வழிகாட்டியுடன் நடக்க வழி உண்டு. வேறு தடத்தில் போக விரும்பினால் வனச்சரக அலுவலகத்தில் கேட்டறிந்த பிறகே திட்டமிட வேண்டும். நடப்பதற்குக் கிடைத்த அனுமதியை இரவு கூடாரம் அடிக்கவும் கிடைத்ததாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மலைமேல் உள்ள ஊரான ஜமுனாமரத்தூரில் அறை எடுத்துத் தங்கி, பகலில் மட்டும் நடப்பதே இந்தப் பருவத்துக்கு ஏற்றது என்பது என் கருத்து.

உயிருக்கே உலை வைப்பது ஓடைகளைக் குறைத்து மதிப்பிடும் தவறு. காலையில் கணுக்கால் நனையக் கடந்த ஓடை, மாலையில் திரும்பும்போது காட்டாறாக ஓடக்கூடும். தலைக்கு மேல் வானம் வெளுத்திருந்தாலும் மேல்மலையில் பெய்த மழை சற்று நேரத்தில் கீழே வந்து சேரும். தெளிந்த நீர் திடீரென்று கலங்குவதும், சருகும் சுள்ளியும் மிதந்து வருவதும், இரைச்சல் கூடுவதும் வெள்ளத்தின் முன்னறிவிப்புகள்; அப்போது உடனே கரையேறி மேட்டுக்குப் போய்விட வேண்டும். முழங்கால் அளவு நீர்கூட வேகமாக ஓடினால் வளர்ந்த ஆளைச் சாய்த்துவிடும். ஆகவே வடியும்வரை காத்திருப்பது, ஓர் இரவு தாமதமானாலும், சரியான முடிவு. ஆழமற்ற இடத்தில் கடக்கும்போதும் பையின் இடுப்புப் பட்டையைக் கழற்றிவிட்டால், தவறி விழுந்தாலும் பையை உதறிவிட்டு எழ முடியும். பீமன் அருவி போன்ற இடங்களில் மழை நாளில் பாறைமேல் ஏறிப் படம் எடுப்பதை அறவே விட்டுவிட வேண்டும்.

இந்த மாதங்களில் இடியுடன் கூடிய மழை பெரும்பாலும் பிற்பகலுக்கு மேல் வருகிறது. நவம்பர் இறுதியில் ஆறு மணிக்கு முன்பே சூரியனும் மறைந்துவிடுகிறது. காலை ஒன்பது மணிக்கு மேல் நிதானமாகப் புறப்படுபவர்கள் மின்னல் வேளையில் மலைமுகட்டிலும், இருட்டில் காட்டுக்குள்ளும் மாட்டிக்கொள்கிறார்கள். விடிந்ததும் நடக்கத் தொடங்கி, உச்சிப்பொழுதுக்குள் முகட்டை விட்டு இறங்கிவிட வேண்டும். மழைக்குத் தனிமரத்தடியில் ஒதுங்குவது மின்னலை அழைப்பதற்குச் சமம்.

பருத்தி உடை நனைந்தால் எளிதில் காயாது, ஈரத்தோடு காற்றும் சேர்ந்தால் உடல் நடுங்கும். மாற்று உடை ஒன்றைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்திருந்தால் போதும். டார்ச் விளக்கு இல்லாமல் போகக் கூடாது. பாம்பு கடித்துவிட்டால் கடிவாயைக் கீறுவதும், உறிஞ்சுவதும், இறுகக் கட்டுவதும் கேட்டையே விளைவிக்கும். கடிபட்ட உறுப்பை அசைக்காமல் வைத்து, விஷமுறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

நடை முடிந்த பிறகு செய்யும் தவறு ஒன்றைப் பலரும் அறிவதில்லை. ஸ்க்ரப் டைபஸ் என்னும் உண்ணிக் காய்ச்சல் வேலூர் வட்டாரத்தில் மழைக்காலத்திலும் அதை அடுத்த குளிர்மாதங்களிலும் கூடுதலாகக் காணப்படுகிறது. புதரிலும் புல்லிலும் இருக்கும், கண்ணுக்கு எளிதில் புலப்படாத சிற்றுண்ணிகளின் இளம்பருவப் புழுக்கள் கடிப்பதால் இது பரவுகிறது. எனவே புல்தரையில் வெறுமனே உட்காருவதையும் படுப்பதையும் தவிர்த்து, முழுநீள உடையும் காலுறையும் அணிந்து, திரும்பியதும் குளித்துத் துணிகளைத் துவைத்துவிட வேண்டும். காய்ச்சல் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரம் கழித்தே வருவதால், அதை மலைநடையோடு யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. மழையில் நனைந்ததால் வந்ததென்று பாராசிட்டமால் போட்டு நாளைக் கடத்துகிறார்கள். அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு ஆகிய இடங்களில் சிற்றுண்ணி கடித்த தடமாக வலியில்லாத கறுத்த பொருக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது எல்லாருக்கும் தோன்றுவதில்லை. டாக்ஸிசைக்ளின் போன்ற மருந்துகளை நேரத்தோடு தொடங்கினால் இந்நோய் குணமாகும். தாமதித்தால் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் பாதிக்கலாம். மருத்துவரிடம் காய்ச்சலைப் பற்றிச் சொல்லும்போதே, எந்த மலையில் எப்போது நடந்தோம் என்பதையும் அவர் கேட்பதற்கு முன் சொல்லிவிட வேண்டும்.