‘ஊர்’ என்ற சொல்லின் வேரைத் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரையில் சனிக்கிழமை மாலைகளில் சொல்லாராய்ச்சி கற்க வரும் இளைஞர்களுக்கு நான் முதலில் கொடுக்கும் சொல் ‘ஊர்’. மேலூர், திருவாதவூர், அலங்காநல்லூர் என அவர்கள் பேருந்து ஏறி வரும் இடங்களின் பெயரிலேயே அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் இரண்டாம் வாரமே அவர்களில் யாரேனும் ஒருவர், இளமையில் நான் செய்த அதே பிழையைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு வந்து நிற்கிறார். எழுத்துப் பிழை, அகராதியைத் திறவாமை ஆகியவற்றைப் பற்றி நான் இங்கே பேசப்போவதில்லை.

ஒலி ஒத்தால் உறவு என்று முடிவு கட்டுதல்

இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். மெசொப்பொத்தேமியாவில் (இன்றைய இராக்) தொல்லியலாளர் லியோனார்ட் வூலி 1922 முதல் 1934 வரை அகழ்ந்த ‘ஊர்’ என்ற நகரின் பெயர் நம் ‘ஊர்’ என்ற சொல்லே என்று நானும் கட்டுரை எழுதி, கைப்பணத்தில் 500 படிகள் அச்சிட்டேன். ஒரு கருத்தரங்கில் மூத்த பேராசிரியர் ஒருவர் அந்தச் சிறு நூலைப் புரட்டிவிட்டு, “அந்த நகரத்தார் தங்கள் நகரை எப்படி அழைத்தார்கள், தம்பி?” என்று மட்டும் கேட்டார். என்னிடம் விடை இல்லை. அந்நகரத்தாரின் பழைய மொழியான சுமேரியத்தில் அதன் பெயர் ‘உரிம்’. நகரம் என்ற பொருளுடைய சுமேரியச் சொல் ‘உரு’ அல்லது ‘இரி’ என்று வேறாக இருக்கிறது. ‘உர்’ என்றால் அம்மொழியில் நாய். எஞ்சிய படிகளை யாருக்கும் கொடுக்க மனம் ஒப்பாமல் எடைக்குப் போட்டேன்.

இரண்டே ஒலிகள் கொண்ட சொல் எந்த மொழியோடும் தற்செயலாக ஒத்துப்போகும் என்பதை அப்போது நான் எண்ணிப் பார்க்கவில்லை. பாஸ்கு மொழியில் ‘உர்’ தண்ணீரைக் குறிக்கிறது. ஜெர்மனில் ‘ஊர்’ என்பது ஆதி, தொன்மை என்ற பொருள் தரும் முன்னொட்டு. ‘ஊர்வால்ட்’ என்றால் மனிதர் கைபடாத காடு. அந்த முன்னொட்டின் பழைய வடிவம், ஜெர்மனின் உறவு மொழியான பழைய காத்திக்கில் ‘உஸ்’ என்று இருப்பதால், அங்குள்ள ரகரமே பிற்காலத்தில் வந்தது என்பது தெளிவாகிறது. எபிரேயத்தில் நகரத்தைக் குறிக்கும் ‘ஈர்’ என்ற சொல்லோ, தமிழில் இல்லாத ஒரு தொண்டை மெய்யொலியில் தொடங்குகிறது.

உறவைக் காட்டுவது ஒப்புமையைவிட ஒழுங்கான வேற்றுமைதான். நம் ‘பால்’ கன்னடத்தில் ‘ஹாலு’; ‘புலி’ அங்கே ‘ஹுலி’; ‘பள்ளி’ அங்கே ‘ஹள்ளி’. வாடிப்பட்டியிலும் கொட்டாம்பட்டியிலும் உள்ள ‘பட்டி’ அங்கே ‘ஹட்டி’. சொல் முதற்பகரம் ஹகரமாகும் இந்த விதி பல சொற்களில் தவறாமல் நடப்பதால்தான் உறவு உறுதிப்படுகிறது. இத்தகைய விதிகளால் பிணைந்த மொழிகளில் கன்னடமும் தெலுங்கும் ‘ஊரு’ என்றும், மலையாளம் ‘ஊர்’ என்றும் சொல்வதற்கு மதிப்பு உண்டு; சுமேரியத்தோடு அப்படி ஒரு விதியையும் எவரும் காட்டியதில்லை. இதை எத்தனை முறை சொன்னாலும், அடுத்த வாரம் இன்னொருவர் உலக வரைபடத்தை விரித்துவிடுகிறார். அவருடைய ஆர்வம் வீணாகிறதே என்றுதான் எனக்கு வருத்தம்.

‘பூர்’ என்று முடிவதை எல்லாம் ‘ஊர்’ எனப் பிரித்தல்

நாக்பூர், ஜெய்ப்பூர், சிங்கப்பூர் ஆகியவற்றின் இறுதியில் உள்ளது வடமொழிப் ‘புரம்’. அங்கே ‘ஊர்’ இல்லை. மைசூரில் உண்டு.

பெயரையும் வினையையும் கலத்தல்

எறும்பு ஊர்வதும், தேரில் ஊர்வதும், ‘ஊர்தி’யும் ஒரு வினையின் வழி வந்தவை. “ஊர்ந்து வந்து தங்கிய இடமே ஊர்” என்று மேடையில் சொன்னால் கைதட்டல் கிடைக்கும். சான்று கேட்டால் கிடைக்காது.

இன்றைய பொருளைப் பழங்காலத்தின் மேல் ஏற்றுதல்

சோழர் கல்வெட்டில் ‘ஊர்’ என்பது பல இடங்களில் கிராமத்தையன்றிக் கிராம அவையைக் குறிக்கும்.

பழைய சான்றைக் கடைசியில் தேடுதல்

வைகைக் கரைக்கு அருகில், தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கிடைத்த நடுகற்களுள் ஒன்றில், ‘கூடல் ஊர் ஆகோள் பெடு தீயன் அந்தவன் கல்’ என்று தமிழி (தமிழ் பிராமி) எழுத்தில் வெட்டியிருக்கிறது. கூடலூரில் நடந்த ஆநிரைப் பூசலில் வீழ்ந்த ஒருவனுக்காக நட்ட கல் அது. என் மாணவர்கள் முதல் வாரத்திலேயே அந்த வரியைத் தாளில் எழுத்தெழுத்தாகப் பார்த்து எழுதி, ‘ஊர்’ எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கோடிட வேண்டும். அதன் பிறகே அயல்மொழி அகராதிகளை அவர்கள் கையில் கொடுக்கிறேன்.